மொட்டைமாடித் தகரத்துக்கு என்ன வரி?

வரதராஜபுரத்தில் டிரோன் வந்துவிட்டதாம். மெட்டில்டா டீச்சருக்கு இதைச் சொன்னவன் அவளுடைய கொழுந்தன். கொழுந்தனுக்குச் சொன்னவன் அவன் பைக்கை சர்வீசுக்கு விடுகிற கடைக்காரன். அந்தக் கடைக்காரனின் மச்சினன் வீட்டு மொட்டைமாடிக்கு மேலேதான் அது வந்து நின்று, தும்பி மாதிரி ரீங்கரித்து, நாலு பக்கமும் படம் பிடித்துக்கொண்டு போனதாம். ஒரே வாரத்தில் நோட்டீஸாம். மாடியில் தகர ஷீட் போட்டிருந்தால் அதுவும் ஒரு தளம்தானாம். ஆறு வருஷத்துக்குப் பின்னால் போய், மூன்று மடங்கு வீட்டு வரி போடுகிறார்களாம்.

"மூணு மடங்கா?" என்றாள் ரத்தினபாய். ஸ்டாஃப் ரூமில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கை அப்படியே நின்றது.

"மூணுங்கிறான் ஒருத்தன். அஞ்சுங்கிறான் இன்னொருத்தன். கடைக்குப் போடுற ரேட்டாம்டி."

"நோட்டீஸை யாரு பார்த்தா?"

"நான் எங்க பார்த்தேன்? என் கொழுந்தனும் பார்க்கல. ஆனா வந்திருக்கு" என்றாள் மெட்டில்டா, தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே.

ரத்தினபாய்க்கு ஐம்பத்தாறு வயது. மேற்குத் தாம்பரத்தில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பது வருஷமாகக் கணக்கு டீச்சர். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிவைத்தால் பாதி மார்க்குக்கு மேல் போடாதவள். வேறு விஷயமாக இருந்தால் மெட்டில்டாவின் கொழுந்தனையும் அந்தக் கடைக்காரனையும் சேர்த்துச் சிவப்பு மையால் அடித்துவிட்டிருப்பாள். ஆனால் முடிச்சூரில் அவள் வீட்டு மொட்டைமாடியிலும் தகரக் கூரை இருந்தது. அது இல்லாமல் அவளால் ஒரு மழைக்காலத்தையும் கடக்க முடியாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, அந்த டிசம்பரில், அடையாற்று வெள்ளம் தெருவுக்குள் வந்தது. ரத்தினபாயும் அவள் கணவர் தனசிங்கும் மகன் ஜாய்சனும் மொட்டைமாடியில் ஏறி, ஓர் இரவும் ஒன்றரைப் பகலும் நின்றார்கள். நின்றார்கள் என்றால் நின்றேதான் இருந்தார்கள். எங்கிருந்தோ மிதந்து வந்த நகைக்கடை பேனர் ஒன்றைத் தனசிங் துணிகாயப்போடும் கொம்பால் இழுத்துப் பிடித்தார். அதில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் கழுத்து ஆரத்துக்குக் கீழே மூன்று பேரும் ஒண்டினார்கள். கீழே, பீரோவின் அடித்தட்டில், மனைப் பத்திரமும் அவளுடைய பி.எட். சான்றிதழும் பையனின் மார்க் ஷீட்டும் ஊறிக் கூழாகிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நகல் வாங்க இரண்டரை வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு நகலுக்கும் ஒரு கட்டணம், ஒரு முத்திரைத்தாள், ஒரு வக்கீல் கையெழுத்து. வெள்ளத்தில் போனதைத் திரும்ப வாங்குவதற்கும் அரசாங்கத்துக்குத்தான் காசு கட்ட வேண்டும் என்பதை அவள் அப்போது தெரிந்துகொண்டாள். அந்தக் கோபம் இன்றுவரை அடங்கவில்லை.

பிராவிடண்ட் ஃபண்டில் கடன் எடுத்து, 2018 கோடை விடுமுறையில் மாடியில் அந்த அறையைக் கட்டினாள். இடுப்புயரத்துக்குச் சுவர், அதன் மேல் இரும்புக் குழாய், அதற்கும் மேல் நீலக் கலர் ஷீட். ஒரு மூலையில் கக்கூஸ். எண்பத்தாறாயிரம் ஆனது. பில்லைப் பார்த்தால் ஷீட்டுக்குப் பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி. "தண்ணியில சாகாம இருக்கிறதுக்கு வாங்கின தகரத்துக்குப் பதினெட்டு பர்சென்ட்" என்று கடைக்காரனிடமே சொன்னாள். பாவம், அவன் என்ன செய்வான்? "பில் இல்லாம வேணா தரட்டா டீச்சர்?" என்று கேட்டான். அவள் பில்லோடுதான் வாங்கினாள்.

அதற்குப் பிறகு தெருவில் ஒரு வழக்கம் உண்டானது. அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை, தெருவிலுள்ள பதினோரு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு பெயிண்ட் வாளியோடு வருவார்கள். இருபது லிட்டர் வாளி, மூடி இறுக்கமானது, மார்க்கர் பேனாவில் கதவு எண் எழுதியது. உள்ளே பத்திரம், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், பிள்ளைகளின் சான்றிதழ், அடகு நகையின் சீட்டு. வாளியை மேல் அறையில் வைத்துவிட்டுப் போவார்கள். பொங்கல் கழித்து வந்து எடுத்துக்கொள்வார்கள். ரத்தினபாய் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. சிலர் கிறிஸ்துமசுக்கு முறுக்கு கொடுத்தார்கள், சிலர் அதுவும் இல்லை. அந்த அறைக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் 'டீச்சர் வீட்டுக் கப்பல்'.

இந்த வருஷமும் பதினோரு வாளிகள் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது தனசிங்குக்கு விஷயம் தெரிந்திருந்தது. குரோம்பேட்டையில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலைபார்த்து, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு வேலையை விட்டவர். ஆள் ஆறடி. எட்டு மாடிக் கட்டிடத்தின் லிஃப்ட் குழிக்குள் டார்ச்சைக் கடித்துக்கொண்டு இறங்கியவர், தபாலில் பழுப்பு உறை வந்தால் நடுங்குவார். ஒருமுறை வருமான வரி ஆபீசிலிருந்து பதினாலாயிரம் கட்டச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. கம்பெனிக்காரன் யாருடைய பான் எண்ணையோ மாற்றிப் போட்டதால் வந்த வினை. 'கட்ட வேண்டியதில்லை, பதில் எழுதினால் போதும்' என்று ரத்தினபாய் தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். அவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்து, நாலாம் நாள் அவளுக்குத் தெரியாமல் போய்க் கட்டிவிட்டு வந்து, இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

"ரத்தினம், பிரிச்சுடலாமா?" என்றார் இப்போது.

"எதை?"

அவர் கண்ணால் மேலே காட்டினார்.

"தண்ணி வந்தா எங்க ஏறுவீங்க? டிரோன் மேலயா?"

அந்த நேரம் பார்த்து யக்ஞநாராயணன் வந்தார். தெரு நலச் சங்கத்தின் செயலாளர், ரிட்டையர்டு வங்கி அதிகாரி. கையில் சங்கத்தின் தடிமனான நோட்டு. காபி வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டு வாங்கிக் குடித்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்கப்படாது. நம்ம தெருவுல உங்க மாடி ஒண்ணுதான் தூரத்துலேர்ந்தே நீலமா தெரியறது. டிரோன் அதைப் பார்த்து இறங்கித்துன்னா, அக்கம்பக்கம் எல்லாத்தையும் படம் பிடிப்பான். என் வீட்டுல கார் நிக்கற இடத்துக்கு ஒரு ஷீட் இருக்கு. ஜெயகிருஷ்ணன் வீட்டுல துணி காயப்போட ஒண்ணு இருக்கு. எல்லாருக்கும் சேர்த்துப் போட்டுடுவான்."

"அதனால?"

"அதனால உங்களதை எடுத்துட்டா தெருவுக்கே க்ஷேமம்."

"உங்க வாளி ஏழாம் நம்பர் சார்" என்றாள் ரத்தினபாய். "மேலதான் இருக்கு. போகும்போது எடுத்துட்டுப் போறீங்களா?"

"அய்யய்யோ, அது இருக்கட்டும். வாளிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கூரை இல்லாம வாளி எப்படி சார் இருக்கும்?"

"மேல ஒரு தார்ப்பாய் போட்டு மூடிடலாமே" என்றார் அவர், உண்மையாகவே யோசித்து. "தார்ப்பாய்க்கு வரி கிடையாது."

அவர் போன பிறகு ரத்தினபாய் டம்ளரைக் கழுவுகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் துபாயிலிருந்து ஜாய்சன் கூப்பிட்டான். அக்டோபர் பிறந்துவிட்டால் அவனுக்குத் தூக்கம் போய்விடும். அங்கே ஒரு சொட்டு மழை கிடையாது. வங்கக் கடலில் புகை மாதிரி ஏதாவது சுழன்றால் போதும், வானிலைப் படங்களாக அனுப்பித் தள்ளுவான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கும் கோபம் வந்தது.

"எதுக்கும்மா அங்க இருந்து கஷ்டப்படுறீங்க? ரிட்டையர் ஆனதும் ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. இங்க வரியே கிடையாது."

"அஞ்சு பர்சென்ட் வாட் இருக்குடா. கணக்கு டீச்சர்கிட்டயே சொல்றியா?"

"சரி, அஞ்சு. ஆனா தண்ணி வராதுல்ல? வியாழக்கிழமை லோ பிரஷர் உருவாகுதும்மா. படம் அனுப்பியிருக்கேன், பார்த்தியா?"

"பார்த்தேன், பார்த்தேன். போனை வை. சாப்பிட்டியா?"

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் பாடம் சதவீதம். புத்தகத்தில் மாம்பழ வியாபாரி ஒருவன் லாபம் பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தினபாய் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கரும்பலகையில் 'ஆசிரியை எக்ஸ், மாதச் சம்பளம் ரூ.1,08,000' என்று எழுதினாள்.

"மிஸ், எக்ஸ்னா நீங்கதானே?" என்றாள் முதல் பெஞ்சு ஸ்நேகா.

"எக்ஸ்னா எக்ஸ். கணக்கைப் பாரு."

முதலில் வருமான வரி. அப்புறம் அந்த வரிக்கு மேல் நூற்றுக்கு நாலு ரூபாய்.

"வரிக்கு எதுக்கு மிஸ் வரி?"

"அதுக்குப் பேரு செஸ். கல்விக்கும் சுகாதாரத்துக்கும் பிடிக்கிறாங்க."

பின் பெஞ்சில் யாரோ, "அப்போ நம்ம பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்லுங்க மிஸ்" என்று முனகினாள். வகுப்பே சிரித்தது. ரத்தினபாய்க்குச் சிரிப்பு வரவில்லை. சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

ஆறு மாதத்துக்கொரு முறை தொழில் வரி. பெட்ரோல், நூறு ரூபாய்க்குப் போட்டால் நாற்பதுக்கு மேல் வரி. எக்ஸின் வீட்டுக்காரருடைய மருத்துவக் காப்பீட்டுக்குப் பதினெட்டு சதவீதம். நோய் வந்தால் வைத்தியம் பார்க்கக் கட்டுகிற காசுக்கும் வரியா என்று ஒருத்தி கேட்டாள். போன் ரீசார்ஜ், சோப்பு, செருப்பு, மிக்ஸி என்று பெண்கள் வீட்டிலுள்ள சாமானையெல்லாம் சத்தம்போட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். "நாப்கினுக்கு?" என்று ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. "அதுக்கு இல்ல. அதை மட்டும் விட்டுட்டாங்க" என்றாள் டீச்சர். தோராயமாகத்தான் போட முடிந்தது. சரியான தொகையை யாரும் யாருக்கும் சொல்வதில்லை என்பதே அவளுடைய பெரிய புகார். ஆனாலும் கூட்டிப் பார்த்தபோது எக்ஸின் வருஷத்தில் இரண்டு மாதச் சம்பளம் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

"ஏப்ரலும் மேயும் எக்ஸ் மிஸ் சும்மா வேலை பாக்குறாங்களா?" என்றாள் ஸ்நேகா.

"மே மாசம் லீவுதானடி!" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

மறுபடி சிரிப்பு. இந்த முறை ரத்தினபாயும் சிரித்துவிட்டாள். மணி அடித்தது. ஆனால் ஸ்கூட்டரில் வீடு திரும்புகிற வழியெல்லாம் அந்தக் கணக்கு அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்ட பாதி அது. வரி கட்டியாயிற்று. சரி, என்ன வந்தது? குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள், மற்ற நாளுக்கு லாரிக்குக் காசு. சாக்கடைக் குழாய் தெருவுக்கு வரவே இல்லை, தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரிக்குக் காசு. ரோட்டில் பள்ளம், முதுகு வலிக்கு டாக்டருக்குக் காசு. வெள்ளம் வந்தால் ஏறி நிற்கிற இடத்தையும் தானே கட்டிக்கொண்டாள். ஒரே சாமானுக்கு இரண்டு தரம் காசு வாங்குகிற கடையில் யாராவது மறுபடி காலெடுத்து வைப்பார்களா? இந்தக் கடையை விட்டு எங்கே போவது?

வாசலில் அரிகிருஷ்ணன் நின்றிருந்தான். பழைய இரும்பு வாங்குகிறவன். அந்த இரண்டு நாளாக அவனுக்கு நிற்க நேரமில்லை.

"டீச்சரம்மா, இன்னா யோசிச்சுகினு கீறீங்க? பின்னாடி தெருவுல எட்டு வூடு பிரிச்சாச்சு. இன்னிக்கே சொன்னீங்கன்னா நல்ல ரேட்டு போட்டுத் தரேன். நாளைக்கு டிரோன் வந்துச்சுன்னா பேஜாராப் பூடும்."

"டிரோனை நீ பார்த்தியா அரி?"

"நான் எங்க பாத்தேன்? வருதுன்னு சொல்றாங்கோ."

"உன் வண்டிதான் தினம் வருது. என் கூரையில கை வச்சே, அப்புறம் நான் டீச்சரா இருக்க மாட்டேன்."

"இன்னாத்துக்கும்மா கோச்சுக்கினு?" என்று அவன் சிரித்தபடியே போனான். போகும்போது தனசிங்கிடம் ஒரு சீட்டில் போன் நம்பர் கொடுத்ததை அவள் பார்க்கவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் முடிவைச் சொன்னாள். "நாளைக்கு ரெண்டு பீரியட் பர்மிஷன் போட்டுட்டு வார்டு ஆபீசுக்குப் போறேன். என்ன வரின்னு நேர்லயே கேட்கிறேன். நியாயமா இருந்தா கட்டுறேன். அநியாயமா இருந்தா அங்கயே உட்கார்ந்து கத்துறேன். ரெண்டுல ஒண்ணு."

"நீ போய்க் கேட்டா அவங்களா நம்ம வீட்டுக்கு வழி கேட்டு வந்துட மாட்டாங்களா?" என்றார் தனசிங். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"வரட்டும். காபி போட்டுக் கொடுங்க."

வியாழக்கிழமை காலையிலேயே வானம் ஒரு மாதிரியாக இருந்தது. வார்டு ஆபீசில் வரிப்பிரிவின் ஜன்னலுக்கு முன் ஏழெட்டுப் பேர். உள்ளே ஒரு இளைஞன், கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் தூக்கம். சர்வர் வேலை செய்யவில்லை என்று முக்கால் மணி நேரம் நிற்கவைத்தார்கள். ரத்தினபாய் சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். எக்ஸின் இரண்டு மாதச் சம்பளத்தில் ஆரம்பித்து, லாரித் தண்ணீர், தாழ்ப்பாள், பதினெட்டு சதவீதத் தகரம் வரைக்கும். அவள் முறை வந்தது.

"மொட்டைமாடி ஷீட்டுக்கு மூணு மடங்கு வரி, ஆறு வருஷப் பாக்கின்னு டிரோன் விட்டுப் படம் எடுக்கிறீங்களாமே. எந்தச் சட்டத்துல இருக்கு?"

இளைஞன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "டிரோனா? இந்த ஜன்னலுக்குக் கதவு கேட்டு ரெண்டு வருஷமாச்சு மேடம். மழை வந்தா கம்ப்யூட்டருக்குக் குடை பிடிக்கிறோம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அப்போ மூணு மடங்கு?"

"அப்படி எந்த சர்க்குலரும் எனக்கு வரல. எத்தனை சதுர அடி உங்களது?"

"இருநூத்திப் பத்து."

அவன் ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் பேனாவால் ஏதோ கிறுக்கினான். கால்குலேட்டரைத் தட்டினான். "நீங்களா எழுதிக் கொடுத்தா, அரையாண்டுக்கு அறுநூத்தி நாப்பது ரூபா கூட வரும்."

"அறுநூத்தி நாப்பதா?"

"நாப்பது காசோ என்னவோ கூட வரும். ரவுண்டா அறுநூத்தி நாப்பது."

அடுக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டு ரத்தினபாய் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவள் மாதாமாதம் கழிவுநீர் லாரிக்குக் கொடுப்பதில் பாதிகூட இல்லை இது.

"இதைக் கேட்க இதுவரைக்கும் யாரும் வரலையா?"

"நீங்கதான் மேடம் முதல் ஆளு. மத்தவங்கல்லாம் பிரிச்சிட்டுத்தான் வர்றாங்க. பிரிச்சாச்சுன்னு ஏதாவது சர்டிபிகேட் தருவீங்களான்னு கேட்கிறாங்க. அப்படி ஒண்ணும் எங்ககிட்ட இல்ல."

அந்த இடத்திலேயே படிவத்தை எழுதினாள். 'மாடியில் தகரக் கூரை, 210 ச.அடி, சொந்த உபயோகம்' என்று அழகான கையெழுத்தில். பணத்தையும் அப்போதே கட்டிவிட்டாள். ரசீதை வாங்கிக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்தபோது அவளுக்குள் விசித்திரமான ஒரு நிம்மதி வந்தது. ஒரு தடவையாவது எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டியாயிற்று. இனி அந்த அறையை எந்த யக்ஞநாராயணனும் அசைக்க முடியாது. அரசாங்கத்தின் கணக்கிலேயே அது இருக்கிறது.

முடிச்சூர் ரோட்டில் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் பாதை குறுகியிருந்தது. எதிரே ஒரு குட்டி யானை லாரி, மேலே நீல ஷீட்டுகளும் இரும்புக் குழாய்களும் பிதுங்க, விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. "எந்தப் பைத்தியக்காரனோ இன்னொருத்தன் பிரிச்சுட்டான்" என்று வாய்விட்டுத் திட்டியபடி ரத்தினபாய் ஸ்கூட்டரை மண்மேட்டில் ஏற்றி, ஒதுங்கி, வண்டிக்கு வழி விட்டாள். அந்தக் குறுகல் நெரிசலிலிருந்து வெளியே வர அவளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

வீட்டின் முன்னால் வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோதுதான் மேலே பார்த்தாள். அறை இருந்த இடத்தில் சாம்பல் நிற வானம் இருந்தது.

மாடிப்படியில் அவள் ஏறியது அவளுக்கே நினைவில்லை. இடுப்புயரச் சுவர் மட்டும் மிச்சம். குழாய்களை அறுத்த இடத்தில் இரும்புத் தூள். கக்கூஸுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. நடுவில் பதினோரு பெயிண்ட் வாளிகள், ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி. தனசிங் துடைப்பத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அரி ஒன்பதாயிரம் கொடுத்தான்" என்றார் முதலில். அப்புறம், "நோட்டீஸ் வந்தா என்னால தாங்க முடியாது ரத்தினம்" என்றார்.

ரத்தினபாய் கைப்பையைத் திறந்து ரசீதை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "படிங்க."

அவர் கண்ணாடியைத் தேடினார். சட்டைப் பையில் இல்லை.

"நானே படிக்கிறேன். அறுநூத்தி நாப்பது. அரை வருஷத்துக்கு. கட்டிட்டேன். இப்ப இங்க என்ன இருக்குன்னு கட்டியிருக்கேன்? சொல்லுங்க. இந்த வானத்துக்கா?"

"அறுநூத்தி நாப்பதா?"

"யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? அந்த சங்கத்து ஆளு கேட்டாரா? இந்த ஊருல ஒருத்தன் கேட்டானா? வரின்னு ஒரு சொல் காதுல விழுந்தா போதும், வீட்டையே பிரிச்சுக் கொடுத்துடுவீங்க! கொள்ளையடிக்கிறவன்கிட்ட கூட எவ்வளவுடான்னு கேட்பாங்க!"

அவளுடைய குரல் பக்கத்து மாடிகளில் போய் முட்டித் திரும்பியது. தனசிங்கின் கை நெஞ்சுக்குப் போனது. அதைப் பார்த்ததும் அவள் பேச்சு நின்றது. கோபம் நிற்கவில்லை. யார் மேல் அதை இறக்கிவைப்பது என்றுதான் தெரியவில்லை. யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைக்காத மனுஷன், திருடனைப் போல அவள் இல்லாத நேரம் பார்த்துத் தன் வீட்டுக் கூரையையே விற்றிருக்கிறார். இவரை இப்படி ஆக்கிவைத்தது எது? எத்தனை பழுப்பு உறைகள்?

"உட்காருங்க" என்றாள். "மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"அரியோட நம்பர் கொடுங்க."

சீட்டு அவர் கையில் கசங்கியிருந்தது. அவள் நம்பரை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"டீச்சரம்மா! அண்ணா ஒத்துகினாரே, இன்னாச்சு?"

"அரி, ஷீட்டை இறக்காதே. வண்டியைத் திருப்பு. பத்தாயிரம் தரேன். பதினஞ்சு தரேன்."

"இன்னாம்மா இது, படப்பை தாண்டிட்டேன். கோழிப்பண்ணைக்காரரு அட்வான்சு குடுத்து வெயிட்டிங்ல கீறாரு. மழைக்கு முன்னாடி கூரை போடணுன்றாரு."

"எனக்கும் மழைதான்டா!"

"ஒரு நிமிசம், போலீஸ் நிக்குறான்..." தொடர்பு அறுந்தது.

முதல் துளி அவள் மணிக்கட்டில் விழுந்தது. பெரிய துளி. கீழே தெருவில் கேட் திறக்கிற சத்தங்கள். போன்களிலெல்லாம் ஒரே நேரத்தில் எச்சரிக்கை வந்திருக்க வேண்டும். மாடிப்படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. யக்ஞநாராயணன் குடையோடு வந்து நின்றார். சுற்றிலும் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு திருப்தி வந்து, வந்த வேகத்திலேயே கலைந்தது.

"நல்ல காரியம் பண்ணினேள் டீச்சர். அது சரி, ஏழாம் நம்பர் வாளி பத்திரமா இருக்கோன்னோ? பையனோட விசா பேப்பர் அதுல இருக்கு. ரெட் அலர்ட்ங்கறா. எங்காத்துல கீழேயே வைக்க முடியாது."

"அந்தா இருக்கு சார், உங்க வாளி. க்ஷேமமா இருக்கு."

"தார்ப்பாய்..."

"நீங்கதானே சொன்னீங்க, அதுக்கு வரி கிடையாதுன்னு. போய் எடுத்துட்டு வாங்க."

அவர் குடையை வாளிக்குப் பிடிப்பதா தனக்குப் பிடிப்பதா என்று தெரியாமல் தடுமாறினார். தனசிங் எழுந்து, ஒவ்வொரு வாளியாகச் சுவரோரமாக நகர்த்த ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு. "நீங்க தூக்காதீங்க" என்றாள் ரத்தினபாய். அவர் கேட்கவில்லை. படியில் இன்னும் ஆட்கள் ஏறி வருகிற சத்தம் கேட்டது.

அவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, போனை அதற்குள் வைத்து மறுபடி அழுத்தினாள். மணி அடித்தது. முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். மழை சாய்வாக இறங்க ஆரம்பித்திருந்தது. போன் காதோடு ஒட்டியிருந்தது. படப்பைக்கு அந்தப் பக்கம் எங்கோ, அவளுடைய கூரையை ஏற்றிப்போகிற வண்டியில், மணி அடித்துக்கொண்டே இருந்தது.